மலைப்பாதை யாருக்குச் சொந்தம்?

மலை இயற்கையின் கொடை என்று கவிஞர் பாடுவர். காடு அரசுக்கு உரியது என்று சட்டம் கூறும். ஆனால் அந்த மலைமேல் ஏறிச் செல்லும் பாதையைப் பற்றிய அறிவு யாருக்கு உரியது? எந்த இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், எந்தச் சுனையில் கோடையிலும் நீர் கிடைக்கும், எந்தப் பாறை மழைக்காலத்தில் வழுக்கும், எந்தப் பள்ளத்தில் மாலை வேளையில் யானை இறங்கும் என்பன போன்ற செய்திகள் யாருடைய சொத்து? இந்தக் கேள்வியை நம் மாணவ நண்பர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பொழுதுபோக்குக்காகக் கேட்கப்படும் கேள்வி அன்று. பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவர்களில் பலர் நீலசந்திராவிலும், அதை அடுத்த ஆஸ்டின் டவுன், விவேக் நகர்ப் பகுதிகளிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மூவர் நால்வர் சேர்ந்து ஓர் அறை; மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது சில நூறு ரூபாய். இந்நகரைச் சுற்றியோ மலைகளுக்குப் பஞ்சமில்லை. வடக்கே நந்தி மலையும் கந்தகிரியும். மேற்கே சாவனதுர்க்கமும் சிவகங்கையும். தென்மேற்கே ராமநகரத்துப் பாறைக் குன்றுகள். கிழக்கே கோலாரை ஒட்டிய அந்தர்கங்கை. மாகளிதுர்க்கத்தின் அடிவாரத்திலேயே ஒரு சிறு இரயில் நிலையம் இருக்கிறது. பேருந்திலோ இரயிலிலோ சென்று, நடந்து ஏறி, இருட்டுமுன் அறைக்குத் திரும்பிவிடக்கூடிய மலைகள் இவற்றுள் பல.

எனினும் நம்மில் எத்தனை பேர் அவ்வாறு சென்றிருக்கிறோம்? செல்ல விரும்பாதவர் குறைவு. வழி தெரியாதவர்களே மிகுதி. வழி தெரியாதவன் என்ன செய்கிறான்? மலையேற்றம் நடத்தும் ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டுகிறான். நள்ளிரவில் ஒரு வண்டி வருகிறது. விடியற்காலையில் மலையடியில் இறக்கிவிடுகிறது. முன்னே ஒருவர் நடக்க, நாற்பது பேர் பின்னே நடக்கிறார்கள். திரும்பிவந்த பிறகும் அவனுக்கு வழி தெரிவதில்லை. அடுத்த முறையும் பணம் கட்டினால்தான் மலை. ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவை ஒரு காலைப் பொழுதுக்குக் கொடுக்க இயலாத மாணவனுக்கு அந்த மலை இருந்தும் இல்லாததே.

அந்நிறுவனங்களைப் பழிப்பது என் கருத்தன்று. வண்டி ஏற்பாடு செய்வதும், வழிகாட்டுவதும், அடிபட்டால் உதவுவதும் உழைப்பே. உழைப்புக்கு ஊதியம் தகும். நான் கேட்பது வேறு. ஆடு மேய்ப்பவரும், விறகு பொறுக்கச் செல்லும் பெண்களும், மலைக்கோயிலுக்குப் படி ஏறிய பக்தர்களும் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய தடம் அது. அவர்கள் அதை யாருக்கும் ஒளித்து வைக்கவில்லை. கேட்டவர்க்குக் கை நீட்டிக் காட்டினார்கள். இப்படி ஊரார் பொதுவில் வைத்த அறிவு, நகரத்துக்கு வந்தவுடன் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போய்விடுவது ஏன்?

பூட்டு இல்லாத பெட்டி

இக்கேள்விக்கு விடை தேடுவோர் ஓர் ஆங்கில மாணவரின் முயற்சியை அறிந்துகொள்ள வேண்டும். 2004ஆம் ஆண்டில் இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர், தம் நாட்டு வரைபடங்கள் விலை கொடுத்து உரிமம் பெற்றால்தான் பயன்படுத்தக் கூடியனவாக இருப்பதைக் கண்டார். மக்கள் வரிப்பணத்தில் அளந்த நிலத்தின் படத்தை மக்களே விலைக்கு வாங்குவதா? தெருத் தெருவாக நடந்து, கையிலிருந்த கருவியால் தடத்தைப் பதிந்து, பொது வரைபடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2006இல் அதற்கென ஓர் அறநிறுவனம் அமைந்தது. இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பெயர் பதிந்திருக்கின்றனர்.

அதன் விதி எளியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். எடுத்தவர் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தத் தரவைத் திருத்தி வெளியிட்டால், திருத்தியதையும் அதே உரிமையோடு பிறருக்குத் திறந்து வைக்க வேண்டும். 2012 முதல் அதற்கு வழங்கும் உரிமத்தின் சாரம் இதுதான். பொதுக் கிணற்றில் யாரும் நீர் இறைக்கலாம். கிணற்றை மூடி விற்கலாகாது என்பது போன்ற ஏற்பாடு.

இது நமக்குப் புதிய கருத்தன்று. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. அதற்கு அடித்தளமிட்டவர் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன், அவர் அப்போது வாழ்ந்தது ஐக்கிய அரபு அமீரகத்தில். அரசாணை இல்லை, ஊதியம் இல்லை, பெரிய நிறுவனத்தின் துணையும் இல்லை. ஒருவர் எழுதத் தொடங்கினார். பலர் வந்து சேர்ந்தனர். 2017இல் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. பிறந்த மண்ணைவிட்டு வெளியே வாழ்ந்த ஒரு தமிழரால் கலைக்களஞ்சியத்துக்கு வித்திட முடிந்ததென்றால், பெங்களூரில் வாழும் தமிழ் மாணவர்களால் பத்து மலைகளின் பாதைகளைப் பதிந்து வைக்க முடியாதா?

பொது வரைபடத்தின் பயனையும் தமிழ்நாடு கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, எந்தத் தெரு மூழ்கியது, எது மூழ்கவில்லை என்பதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் அமைந்த ஒரு படத்தில் பொதுமக்களே குறித்தார்கள். தத்தம் தெருவைத் தத்தம் விரலால் தொட்டுக் காட்டினார்கள். தெருவின் நிலையை அத்தெருவில் நிற்பவரைவிட நன்கறிந்தவர் யார்?

புதுத் தளம் வேண்டுமா?

நம் நண்பர்கள் சிலர், “நாமே ஓர் இணையதளம் கட்டுவோம், மலைப்பாதைகளை எல்லாரும் சேர்ந்து எழுதுவோம், இலவசமாகக் கொடுப்போம்” என்கிறார்கள். ஆர்வம் பாராட்டுக்குரியது, எண்ணமும் நல்லது. ஆயினும் ஒரு செய்தியை மறக்கலாகாது. நாம் இந்நகரில் இருப்பது இரண்டாண்டு, மிஞ்சினால் ஐந்தாண்டு. தளத்தைக் கட்டியவர் பட்டம் பெற்று வேறு ஊர் செல்வார். தளத்தின் முகவரிக்கும் கணினிக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கட்டணத்தை ஒருவர் கட்டுவார்; அடுத்தவர் மறப்பார். ஒரு நாள் தளம் மறையும். அதனோடு நூறு பேர் நடந்து சேர்த்த அறிவும் மறையும். மாணவர் சங்கங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய கையெழுத்துப் பத்திரிகைகள் எத்தனை அலமாரிகளில் கரையானுக்கு இரையாயின!

ஆகவே என் கருத்து இது: தரவு வேறு, தளம் வேறு. பாதை எங்கே தொடங்குகிறது, எவ்வழி செல்கிறது, தரை எத்தகையது, நீர் எங்கே உள்ளது என்னும் உண்மைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதுவோம். ஒளிப்படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்ப்போம். நம் இணையதளம் அவற்றை எடுத்து அழகாக, எளிய தமிழில் காட்டும் ஒரு சன்னலாக மட்டும் இருக்கட்டும். எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கே இறங்குவது, யாரிடம் அனுமதி பெறுவது ஆகிய குறிப்புகள் அந்தச் சன்னலில் இடம் பெறட்டும். நாளை சன்னல் உடைந்தாலும் வீடு நிற்கும். வேறொரு மாணவன் வேறொரு சன்னல் வைத்துக்கொள்வான்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாம் எழுதியது நம் தளத்துக்கு வருவோர்க்கு மட்டுமன்றி, ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற கைப்பேசிச் செயலிகளைப் பயன்படுத்தும் அனைவர்க்கும் போய்ச் சேரும். அச்செயலிகள் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ள இடம் தருகின்றன. மலையின் பின்புறத்தில் கைப்பேசிக்குத் தொடர்பு அறுந்துவிட்டாலும் படம் கையிலிருக்கும். வழி தவறியவனுக்கு இதனினும் வேறு துணை ஏது?

பத்துப் பேர் நடந்தால்

“யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் பொய்யும் புகுமே, பிழையும் புகுமே?” என்று ஐயுறுவோர் உண்டு. ஐயம் நியாயமானதே. அறிவியல் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை கூற விரும்புகிறேன்.

கைப்பேசி தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு கணிக்கிறது. இதற்குக் குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும். இடத்தின் மூன்று அளவுகளோடு கைப்பேசியின் கடிகாரப் பிழையும் தெரியாத ஒன்றாகையால் நான்காவது கோள் தேவைப்படுகிறது. கடிகாரம் ஒரு மைக்ரோ செகண்டு தவறினால் போதும். அதற்குள் ஒளி 300 மீட்டர் ஓடிவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும், திறந்த வெளியில் சில மீட்டர் பிழை இருக்கவே செய்யும். அடர்ந்த மரங்களின் கீழும், செங்குத்துப் பாறையின் ஓரத்திலும் பிழை பெருகும். பாறையில் பட்டுத் திரும்பிவரும் சமிக்ஞை கருவியை ஏமாற்றும்.

ஆகவே ஒருவர் ஒருமுறை நடந்து வரைந்த கோடு ஒரு சாட்சியம், தீர்ப்பு அன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகளாயின், நால்வர் நடந்த தடங்களின் சராசரியில் பிழை பாதியாகும். பதினாறு பேர் நடந்தால் காலாகும். ஒரே நாளில் ஒரே குழு நடந்தால் இப்பயன் முழுதும் கிட்டாது. வானில் கோள்களின் நிலை மாறும் வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு கருவிகளோடு நடக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் செய்வதைவிட ஓர் ஊர் சேர்ந்து செய்வது துல்லியமாகும் காரணம் இதுதான். மேலும், பொது வரைபடத்தில் ஒவ்வொரு திருத்தமும் நாளோடும் பெயரோடும் வரலாற்றில் நிற்கிறது. வேண்டுமென்றே ஒருவர் கெடுத்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம்.

பெரிய நிறுவனங்களின் படம் என்றால் பிழை இருக்காது என்ற நம்பிக்கையும் ஆராயத் தக்கது. 2021இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைக்குக் கூகுள் வரைபடம் காட்டிய வழி உயிருக்கே ஆபத்தானது என்று அந்நாட்டு மலையேற்ற அமைப்புகள் எச்சரித்தன. நிறுவனத்தின் கணினி இரு புள்ளிகளுக்கு இடையே கோட்டைக் கண்டது. பாறைச் சரிவை அறிந்தவர்கள் அந்த மலையில் நடந்தவர்களே.

நம் சாவனதுர்க்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாறையாக எழுந்து நிற்கும் அம்மலைக்குக் கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரு சிகரங்கள். கறுப்புக் குன்று, வெள்ளைக் குன்று என்பது பொருள். 1791இல் கார்ன்வாலிஸின் படை திப்பு சுல்தானிடமிருந்து கைப்பற்றிய கோட்டை அங்கே இருந்தது. மேலே செல்லும் வழியில் பல இடங்களில் பாதை என்று சொல்லத்தக்க மண் தடமே இல்லை. வெறும் பாறைச் சரிவு. வெயிலில் நடக்கக் கூடிய அச்சரிவு மழையில் வழுக்குப் பாறை. படத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்தால், புதிதாக வருபவன் அதைப் படிக்கட்டு என்று எண்ணிவிடுவான். அதனால்தான் பொது வரைபடத்தில் கோட்டோடு அதன் தன்மையையும் எழுத இடம் வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம் மலைவழிகளின் கடினத்தை ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. அந்த அளவுகோலை அதில் குறிக்கலாம். தடம் கண்ணுக்குத் தெரிகிறதா, தரை மண்ணா கல்லா என்பவற்றையும் குறிக்கலாம்.

போகாதே என்று சொல்லும் படம்

இனிக் கூறப்போவது இக்கட்டுரையின் உயிர்ப் பகுதி. 2018 மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் நம்மைப் போன்ற இளைஞர், பெண்கள் மிகுதி. அதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

நல்ல வரைபடம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்படிச் சொல்வது அறிவுக்கும் பொருந்தாது. தீ, படம் பார்த்து வருவதில்லை. ஆனால் அந்நிகழ்ச்சி நமக்கு ஒன்றைக் கற்பித்தது. ஒரு பாதையைப் பற்றிய அறிவில் ‘எப்படிப் போவது’ என்பது பாதிதான். எந்த மாதத்தில் போகலாகாது, எந்தப் பகுதியில் அனுமதி இல்லை, ஆபத்து வந்தால் எவ்வழியே தப்புவது, யாருக்குச் செய்தி சொல்வது என்பன மறுபாதி. மார்ச்சு மாதத்தில் காய்ந்த போதைப்புல் பஞ்சைப் போலப் பற்றும் என்பதை மலையில் வாழ்பவர் அறிவர். நகரத்திலிருந்து வருபவர் அறியார். அந்த மறுபாதியை எழுதாத படம், எத்தனை அழகாயிருந்தாலும், கேடு விளைக்கும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாடு அரசு 2018இலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில், 40 பாதைகளைக் கொண்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. மலையடிவாரத்துப் பழங்குடி இளைஞர்களே அதில் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். கர்நாடகத்திலும் இத்தகைய படிப்பினை கிட்டியது. 2024 ஜனவரியில் குடியரசு நாள் விடுமுறையில் குமாரபர்வதத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அதன்பின், இணையப் பதிவு முறை இல்லாத மலையேற்றங்களை அரசு சிறிது காலம் நிறுத்தி வைத்தது.

இங்கேதான் வலுவான ஒரு மறுப்பு எழுகிறது. “பாதையை எல்லார்க்கும் காட்டினால் கூட்டம் பெருகும்; குப்பை பெருகும்; காடு கெடும். பூட்டியிருப்பதே நல்லது அல்லவா?” என்கிறார்கள். இதை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். குமாரபர்வதத்தின் கூட்டத்தை உண்டாக்கியது மலையைப் பற்றிய அறிவா? அழகிய ஒளிப்படம் ஒன்று பரவுகிறது. எல்லாரும் அதே இடத்துக்கு அதே விடுமுறையில் ஓடுகிறார்கள். அவர்களுக்கு வேறு பாதைகள் தெரியா; அனுமதி விதி தெரியாது. பத்து மலைகளை அறிந்தவன் ஒரே மலையில் போய் நெரிபட மாட்டான். விதியை முன்னரே படித்தவன் வனக்காவலரிடம் வந்து வாதாட மாட்டான். அரைகுறை அறிவால் வரும் கேட்டுக்கு மருந்து அறியாமை அன்று, முழு அறிவே.

இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதிவிடுவது அறமாகாது. ராமநகரத்து ராமதேவர பெட்டாவை 2012இல் கழுகுக்காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அருகிப்போன பிணந்தின்னிக் கழுகுகள் அங்குள்ள பாறை விளிம்புகளில் கூடு கட்டுகின்றன. அக்கூடுகள் இருக்கும் இடத்தைக் குறித்து வைப்பது அறிவுப் பணியாகுமா? ஆகாது. அங்கே நாம் எழுத வேண்டியது காப்பகத்தின் எல்லையையும், நுழையலாகாத இடங்களையுமே. தரையில் தடம் இருப்பதால் படத்திலும் கோடு இருக்கலாம். ஆனால் ‘நுழைவு இல்லை’, ‘அனுமதி பெற்றவர்க்கு மட்டும்’ என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். நம் சன்னலில் அக்கோடு சிவப்பாகத் தெரியட்டும். பன்னேர்கட்டாவை ஒட்டிய காடுகளில் யானை நடமாடும் பகுதிகளுக்கும் இதே முறை வேண்டும்.

பெயரைக் கேட்டு எழுதுக

வரைபடத்தின் வரலாற்றில் நாம் நாணவேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1802இல் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே லாம்ப்டன் தொடங்கிய பெரு முக்கோண அளவைப் பணி, இந்தியா முழுதையும் அளந்தது. விஞ்ஞான வரலாற்றில் அதற்கு உயர்ந்த இடமுண்டு. ஆனால் கொடி பிடித்து மலையுச்சியில் நின்றவர்கள், கருவியைத் தோளில் சுமந்தவர்கள், ‘இம்மலைக்கு இது பெயர்’ என்று சொல்லிக் கொடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் சொன்ன பெயர்களும் ஆங்கில நாவில் சிதைந்தன. அளந்த படங்களும் நெடுங்காலம் பொதுமக்கள் கைக்கு எளிதில் எட்டவில்லை. 2021 பிப்ரவரியில்தான் மைய அரசு, இந்தியர்கள் வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் முன்னனுமதி பெற வேண்டியதில்லை என்ற பொது நெறியை வகுத்தது. கதவு திறந்துவிட்டது. நாம் நுழையும்போது பழைய பிழையைத் திரும்பச் செய்யலாமா?

நாம் கர்நாடகத்தில் வாழ்கிறோம். இம்மலைகளின் பெயர் கன்னடப் பெயர். மலையடிவாரத்து மக்கள் அதை எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே முதலில் கன்னடத்தில் எழுத வேண்டும். பிறகு தமிழில் எழுதலாம். ஒரே இடத்துக்குப் பல மொழிகளில் பெயர் எழுத அப்பொது வரைபடத்தில் வசதி உண்டு. மேய்ப்பரை அணுகி, “அண்ணா, இந்த ஓடைக்கு என்ன பெயர்?” என்று நமக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்பதற்கு வெட்கம் வேண்டா. தவறாகப் பேசினால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சரியாகச் சொல்லித் தருவார்கள். இரு மொழியாரிடையே பகைமூட்டுவோர் இந்நகரில் இல்லாமல் இல்லை. ஒரு சுனையின் கன்னடப் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதும் தமிழ் மாணவன், அப்பகையைக் கூட்டத்தில் பேசாமலே ஒரு படி குறைத்துவிடுகிறான்.

தமிழில் எழுதுவதும் பயனற்றதன்று. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கும் முதலாண்டு மாணவனும், நீலசந்திராவில் பிறந்து வளர்ந்து தமிழ் மட்டுமே வாசிக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரு மலைப்பாதையைப் பற்றித் தம் மொழியில் படித்துவிட்டுப் புறப்பட முடிந்தால், அதுவும் ஒரு கல்வியன்றோ?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் பொங்கல் விழா எடுக்கிறது. பேச்சுப் போட்டி நடத்துகிறது. அவற்றோடு இப்பணியையும் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். செலவு மிகக் குறைவு. தேவை காலும் கைப்பேசியும் பொறுமையுமே. முதலாண்டில் ஐந்து மலைகள் போதும். நால்வர் நால்வராகக் குழு அமையட்டும். எக்குழுவும் பின்வரும் நெறிகளைக் கடைப்பிடிக்கட்டும்.

முதலாவது, தான் நடக்காத பாதையை எவரும் எழுதலாகாது. பிறருடைய படத்திலிருந்து பார்த்து எழுதுவது உரிமை மீறல். பிறர் பிழையை நம் பிழையாக்கும் செயலும் ஆகும்.

இரண்டாவது, ஒரு பாதையைக் குறைந்தது இரு குழுக்கள் வெவ்வேறு நாட்களில் நடந்து ஒப்பிட்ட பின்பே, ‘சரிபார்த்தது’ என்று நம் தளத்தில் காட்ட வேண்டும். சரிபார்த்த நாளும் அங்கே இருக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் தடம் அழிந்துபோகலாம். பழைய செய்தி புதிய பொய்யாகிவிடக் கூடாது.

மூன்றாவது, அனுமதி வேண்டும் இடத்தில் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். விதியை மீறி நடந்து பதிந்த தடம் எத்தனை துல்லியமாயினும் நமக்கு வேண்டா.

நான்காவது, ஒவ்வொரு பாதைக்கும் நீர், நிழல், கடைசிப் பேருந்து, மருத்துவமனை, போகலாகாத மாதம் என்னும் ஐந்து செய்திகள் இல்லாமல் வெளியிடக் கூடாது.

ஐந்தாவது, ஊராரின் தோட்டம், வயல், கோயில் ஆகியவற்றின் வழியே பாதை செல்லுமாயின் அவர்களைக் கேட்ட பின்பே எழுத வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வாதாடாமல் திரும்ப வேண்டும். அறிவைப் பொதுவாக்குகிறோம் என்ற பெயரில் அடுத்தவர் வேலியைப் பொதுவாக்கிவிட நமக்கு உரிமையில்லை.

இவை கடுமையான நெறிகள் என்று தோன்றலாம். இவற்றைப் பின்பற்றினால் ஆண்டுக்கு ஐந்து மலைகளுக்கு மேல் எழுத முடியாமற் போகலாம். போகட்டும். ஆயிரம் பாதைகளை அரைகுறையாகக் காட்டும் தளங்கள் உலகில் பல உள்ளன. ஐந்து பாதைகளை நம்பத்தக்க வகையில், கன்னடத்திலும் தமிழிலும், காசு கேட்காமல் காட்டும் தளமே நமக்கு வேண்டும்.

மலைப்பாதை யாருக்குச் சொந்தம் என்று தொடக்கத்தில் கேட்டோம். நடந்து உண்டாக்கியவர்க்கு அது சொந்தம். நடப்பவர்க்கு அது கடன். அக்கடனை அடைக்க ஒரே வழி, கண்டதை உண்மையாக எழுதி அடுத்தவர் கையில் கொடுப்பதுதான். இரண்டாண்டில் நாம் இந்நகரை விட்டுப் போய்விடுவோம். நம் அறைக்கு வேறு மாணவர் வருவார். அவர் கையிலும் மாதக் கடைசியில் சில நூறு ரூபாய்தான் இருக்கும். அந்தப் பணத்தில் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குச் சென்று, வழி தவறாமல், காட்டுக்கும் ஊருக்கும் தீங்கு செய்யாமல், பொழுது சாயுமுன் நலமாகத் திரும்பிவரட்டும். அதற்கு வேண்டிய வேலையை வரும் ஞாயிறே தொடங்குவோமாக.